உரும்சியில் எட்டு மணி

உரும்சி,
15 மார்ச் 1987

அன்புள்ள ஜிங்ஹேவுக்கு,

உங்கள் கடிதமும், பனியில் கழுத்துவரை கோட்டு மாட்டி நிற்கும் போட்டோவும் வந்தன. மெலிந்துவிட்டீர்கள். உங்கள் அம்மா போட்டோவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "அந்த ஊர்ல சோறு இல்லையா, இல்ல இவனுக்கு ஆக்கத் தெரியலையா?" என்றார். இரண்டாவதுதான் என்றேன். "நீ ஆக்கிப் போட்டப்பவும் இப்படித்தானே இருந்தான்" என்று எனக்கும் ஒரு குத்து.

அங்கே எப்போது பகல், எப்போது ராத்திரி என்று கேட்டுத் துளைக்கிறார். நம் உள்ளூர் நேரத்தில் பதினோரு மணி கழிக்க வேண்டும், பெய்ஜிங் நேரம் என்றால் பதின்மூன்று கழிக்க வேண்டும் என்று நீங்கள் எழுதியதைப் படித்துக் காட்டினேன். இத்தனை வருஷம் இங்கே இருந்தும் அவருக்கு அந்தக் கோபம் தீரவில்லை. "ஒரே ஊர்ல ரெண்டு மணி. ரயிலுக்கு ஒண்ணு, வயித்துக்கு ஒண்ணு. பெய்ஜிங்ல பொழுது விடிஞ்சா நான் எதுக்கு இருட்டுல எந்திரிக்கணும்?" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "அப்ப அவன் இன்னும் நேத்துலயா இருக்கான்? நேத்து நான் முற்றத்துல விழுந்தேன்ல, வந்து பிடிச்சுக்கச் சொல்லு" என்றார்.

சிரித்துவிட்டேன். ஆனால் விழுந்தது உண்மை. ஒரு மாதமாகச் சாப்பாடு இறங்கவில்லை. சொந்த ஊர் ஷாவ்ஷிங்கில் இருந்து வந்த கீரை வற்றலைக்கூட ஒதுக்கிவிட்டார். ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். வயிற்றில் கட்டி, ஈரல்வரை போய்விட்டது, கோடையைத் தாண்டுவது கஷ்டம் என்றார். அம்மாவிடம் அல்சர் என்று சொல்லியிருக்கிறேன். நம்பிவிட்டார்.

உடனே புறப்பட்டு வாருங்கள் என்று எழுதக் கை வரவில்லை. உங்கள் மண் ஆராய்ச்சி எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தெரியும். ஒரே ஒரு தடவை போன் செய்யுங்கள். எங்கள் பள்ளி வாசல் காவல் அறையின் நம்பரைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். நாளையும் மணியையும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். அம்மாவை வாசல்வரை கூட்டிப்போக ஏற்பாடு செய்ய வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
லியென்யுன்


இண்டியானா,
5 ஏப்ரல் 1987

அன்புள்ள லியென்யுன்,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அன்று முழுவதும் வேலை ஓடவில்லை. அம்மா உன்னிடம் இருக்கிறாள் என்பது ஒன்றுதான் ஆறுதல். நான் அங்கே இருந்தாலும் உன்னைவிட அதிகமாக என்ன செய்துவிடப் போகிறேன்?

போன் விஷயம். இன்னும் ஒரு வாரத்தில் அங்கே கோடைக்காகக் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளிவிடுவார்கள். இங்கே பக்கத்து மாநிலங்களிலும் தள்ளுவார்கள். இந்த இண்டியானாக்காரர்கள் மட்டும் மாட்டார்கள். கேட்டால், மாட்டுக்கு யார் போய்ச் சொல்வது என்கிறார்கள். அதனால் நமக்கு ஒரு வசதி. கோடை முழுவதும் உரும்சி நேரமும் என் நேரமும் ஒரே எண்ணாக இருக்கும். உனக்குக் காலை எட்டு என்றால் எனக்கு முந்தின ராத்திரி எட்டு. கூட்டவும் வேண்டாம், கழிக்கவும் வேண்டாம்.

மே 3, ஞாயிறு, உரும்சி நேரம் காலை எட்டு மணி. பெய்ஜிங் நேரம் இல்லை, நம் நேரம். சரியாகக் கூப்பிடுவேன். அம்மாவிடம், நேற்றில் இருந்தே கூப்பிடுகிறான் என்று சொல்.

உன்
ஜிங்ஹே


உரும்சி,
4 மே 1987

அன்புள்ள ஜிங்ஹேவுக்கு,

என்ன ஆயிற்று? உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

நேற்று அம்மா விடியும் முன்பே எழுந்து தலைவாரி எண்ணெய் தடவிக்கொண்டார். பட்டு ஆலையில் வேலையை விட்டபோது கொடுத்த கருநீலச் சட்டையைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். நடக்க முடியவில்லை. பள்ளிச் சமையலறைத் தள்ளுவண்டியில் மெத்தை விரித்து நான்தான் தள்ளிக்கொண்டு போனேன். நீங்கள் நம் நேரம் என்று எழுதியிருந்தாலும், தப்பித்தவறிப் பெய்ஜிங் எட்டுக்குக் கூப்பிட்டுவிட்டால் என்ன செய்வது என்று அம்மாவுக்குப் பயம். அதனால் நம் ஆறு மணிக்கே போய் உட்கார்ந்துவிட்டோம். வாசல்காவல்காரர் மா எங்களுக்கு டீ கொடுத்தார். "அமெரிக்கா எழுந்திரிக்கவே இன்னும் ரெண்டு மணி இருக்கு பாட்டியம்மா" என்றார். "அங்க ராத்திரிடா, முட்டாள்" என்றார் அம்மா.

எட்டு ஆயிற்று. ஒன்பது ஆயிற்று. நான் வெந்நீர் பிடித்துவர வெளியே போன நேரத்தில் போன் அடித்தது. திரும்பி வந்து பார்த்தால் காவல்காரர் மாவின் கையில் இருந்து போனை அம்மா பிடுங்கி வைத்துக்கொண்டிருக்கிறார். முதுகு என் பக்கம். நான் வந்தது அவருக்குத் தெரியாது.

"ஜிங்ஹே, கேக்குதா? நான் நல்லா இருக்கேன். அல்சர்ங்கறாங்க. அல்சர் இல்ல, எனக்குத் தெரியும். லியென்யுன்கிட்டச் சொல்லிடாதே. நான் நம்பறேன்னு அவ நெனச்சிட்டிருக்கா, பாவம். நீ முலாம்பழம் வர்றதுக்குள்ள வந்துடு. வந்து ஒரு நாள் இருந்துட்டுப் போ, போதும்."

இன்னும் என்னென்னவோ பேசினார். பேசி முடித்ததும் போனை என்னிடம் நீட்டினார். அந்தப் பக்கம் ஓர் ஆண் குரல். "யாருங்க அவங்க? நான் தானியக்கடையில இருந்து பேசறேன், மாவு மூட்டை நாளைக்கு வரும்னு சொல்லக் கூப்பிட்டேன். அவங்க நிறுத்தவே இல்ல. வந்துடறேம்மான்னு சொல்லிட்டேன். தப்பா?"

தப்பில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். அம்மா வீட்டுக்கு வந்து தானாகக் கஞ்சி கேட்டுக் குடித்தார். "அவனுக்குச் சளி பிடிச்சிருக்கு, குரலே மாறிப்போச்சு" என்றார். 

ஆகவே அம்மா உங்களோடு பேசிவிட்டார். நீங்கள்தான் இன்னும் பேசவில்லை. லைன் கிடைக்கவில்லையா? உடனே எழுதுங்கள்.

உங்கள்
லியென்யுன்


இண்டியானா,
24 மே 1987

அன்புள்ள லியென்யுன்,

வருத்தமாக இருக்கிறது. எல்லாம் இந்த இரண்டு நேரக் குழப்பம். கடைசி நிமிஷத்தில் எனக்குச் சந்தேகம் வந்து பெய்ஜிங் எட்டுக்கே கூப்பிட்டுவிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. நம் எட்டுக்கு மறுபடி முயன்றபோது லைன் கிடைக்கவில்லை.

ஒரு விதத்தில் அந்தக் கடைக்காரன் செய்தது நல்லதாகப் போயிற்று. அம்மா திருப்தி அடைந்துவிட்டாள் என்றால் அவசரமாக இன்னொரு போன் வேண்டியதில்லை. மறுபடி பேசினால் குரல் வேறு மாதிரி இருக்கிறதே என்று குழம்புவாள்.

ஆகஸ்ட் வரை என் வேலையைப் பெரியவர்கள் பரிசீலிக்கிறார்கள். இங்கே எனக்கு மனம் கலங்காமல் இருக்க வேண்டும். நீ எழுதும் கெட்ட செய்தி பதினைந்து நாள் கழித்து வந்து சேர்கிறது. அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? நல்ல செய்தி மட்டும் எழுது.

உன்
ஜிங்ஹே


உரும்சி,
14 ஜூன் 1987

அன்புள்ள ஜிங்ஹேவுக்கு,

நல்ல செய்தி மட்டும் கேட்டிருந்தீர்கள். எழுதுகிறேன்.

அம்மாவுக்கு இப்போது வலி இல்லை. மருந்தெல்லாம் நிறுத்தியாயிற்று. எதற்கும் குறை சொல்வதில்லை. பக்கத்து வீட்டில் ஆட்டுக்கறி வேகும் வாடைக்குக்கூட ஒரு வார்த்தை இல்லை. என்னைக் குத்திப் பேசுவதும் நின்றுவிட்டது.

மே 3 அன்று பெய்ஜிங் எட்டுக்கு நாங்கள் அந்த அறையில்தான் உட்கார்ந்திருந்தோம். நான் எழுதியிருந்தேனே. மணி அடிக்கவில்லை. வேறு எங்காவது அடித்திருக்கும்.

இன்னொரு ஞாயிறு சொல்லுங்கள்.

உங்கள்
லியென்யுன்


இண்டியானா,
8 ஜூலை 1987

அன்புள்ள லியென்யுன்,

அம்மாவுக்கு வலி இல்லை என்பதைப் படித்ததும் பெரிய பாரம் இறங்கியது. போன ஞாயிறு சொல்லாமலே கூப்பிட்டுப் பார்த்தேன். வாசல்காவல்காரர் மா எடுத்தார். அம்மா தூங்குகிறார்கள் என்றார். எழுப்ப வேண்டாம், மகன் விசாரித்தான் என்று மட்டும் சொல்லுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டேன். உன்னிடம் சொன்னாரா?

முலாம்பழம் வந்திருக்குமே. நல்லதாகப் பார்த்து வாங்கிக் கொடு. என்னைக் கேட்கிறாளா?

உன்
ஜிங்ஹே


உரும்சி,
30 ஜூலை 1987

ஜிங்ஹேவுக்கு,

ஆமாம், தூங்கிக்கொண்டுதான் இருந்தார். எழுப்பாமல் விட்டதே நல்லது.

முலாம்பழம் வாங்கினேன். வெட்டி அம்மா முன்னால் வைத்தேன். தொடவில்லை. பிறகு நான் சாப்பிட்டேன். இந்த வருஷம் நல்ல தித்திப்பு.

உங்கள் விடுப்பு செப்டம்பரோடு முடிகிறது. எந்தத் தேதி வருகிறீர்கள் என்று உங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் கேட்கிறார்கள். என்ன சொல்ல?

லியென்யுன்


இண்டியானா,
6 செப்டம்பர் 1987

மதிப்புக்குரிய லியென்யுன்,

சுற்றி வளைக்காமல் எழுதுவது உங்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது. நான் திரும்பி வரப் போவதில்லை. இங்கேயே வேலை கிடைத்திருக்கிறது. இங்கே ஒரு பெண் இருக்கிறார். சிகாகோவில் பிறந்த சீனக் குடும்பத்துப் பெண், நூலகத்தில் வேலை பார்க்கிறார். போன குளிர்காலத்தில் இருந்தே பழக்கம். நமக்குக் குழந்தை இல்லாதது இப்போது ஒரு வசதியாகப் போயிற்று. விவாகரத்துத் தாள்களை இத்துடன் வைத்திருக்கிறேன். கையெழுத்திட்டு அனுப்புங்கள்.

அம்மாவிடம் இதைச் சொல்வதா வேண்டாமா என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன். அவள் உடம்பு தாங்குமா என்று பார்த்துச் செய்யுங்கள். தொடர்ந்து அவளைக் கவனித்துக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன். அவள் என்மேல் வைத்திருப்பதைவிட உங்கள்மேல்தான் அதிகப் பிரியம் வைத்திருக்கிறாள்.

தாவ் ஜிங்ஹே


உரும்சி,
3 அக்டோபர் 1987

ஜிங்ஹே,

உன் அம்மா மே மாதம் செத்துப்போனார்.

பத்தொன்பதாம் தேதி, செவ்வாய். நம் நேரம் ராத்திரி பதினொன்று இருபது. ஆஸ்பத்திரிக் கடிகாரம் பெய்ஜிங் நேரம் என்பதால் சான்றிதழில் இருபதாம் தேதி என்று எழுதிவிட்டார்கள். உன் கடிகாரத்திலும் பதினொன்று இருபதுதான், காலை. நல்ல வெயில் அடித்திருக்கும்.

சாவதற்கு இரண்டு நாள் முன்னால் பார்வை மங்கிவிட்டது. "முலாம்பழம் வந்திருச்சா? வந்துடறேன்னானே" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மே மாதத்தில் ஏது முலாம்பழம்? என்னால் தாங்க முடியவில்லை. தானியக்கடைக்குப் போனேன். போனில் வருகிறேன் என்று சொன்ன ஆள் யார் என்று கேட்டேன். புருவமெல்லாம் மாவு படிந்த ஒருவர் கையில் இருந்த, மாவு அள்ளும் முகவையைக் கீழே வைத்தார். பெயர் திங் ஷோவ்ரென். உன் வயதுதான் இருக்கும். விஷயத்தைச் சொன்னேன். கையைக் கழுவிக்கொண்டு என்னோடு கிளம்பிவிட்டார்.

இரண்டு நாளும் கட்டில் பக்கத்திலேயே இருந்தார். அம்மா அவர் கையைப் பிடித்துத் தடவிப் பார்த்தார். "கையெல்லாம் இப்படிச் சொரசொரன்னு ஆயிடுச்சே. அங்க உன்ன மூட்டை தூக்க விட்டுட்டாங்களா?" என்றார். "ஆமாம்மா" என்றார் திங். "படிச்ச படிப்பெல்லாம் வீணா? போய்த் தொலையட்டும், வந்துட்டேல்ல." பிறகு அவர் வெந்நீர் எடுக்க வெளியே போனபோது என்னை அருகில் கூப்பிட்டுச் சொன்னார்: "யாரு பெத்த பிள்ளையோ. நல்லா இருக்கட்டும்."

அது உன்னைப் பற்றிச் சொன்னது இல்லை.

சவ ஊர்வலம் கிளம்பும்போது மகன் உடைக்க வேண்டிய மண்சட்டியை திங்தான் உடைத்தார். ஒரே அடியில் உடைந்தது. உன் நண்பர் மெங்கும் வந்திருந்தார். அவரிடம், நானே எழுதிக்கொள்கிறேன், நீங்கள் எழுத வேண்டாம் என்று சொன்னேன்.

காரியமெல்லாம் முடிந்து உனக்கு எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்குள் நல்ல செய்தி மட்டும் எழுது என்று உன் கடிதம் வந்தது. சரி என்று எழுதினேன். ஒரு வரிகூடப் பொய் இல்லை, எடுத்துப் படித்துப் பார். பொய் எழுதியது நீ. ஜூனில் சாலை தோண்டியபோது பள்ளி போன் கம்பி அறுந்து ஜூலை முழுவதும் வேலை செய்யவில்லை. நீ காவல்காரர் மாவோடு பேசினாயாம். உன் கடிதத்தை அவரிடம் படித்துக் காட்டினேன். அவர், "என் குரல் அவருக்கு எப்படி இருந்துச்சாம்?" என்று கேட்டார்.

செத்தவரை இன்னும் எத்தனை தடவை கூப்பிடுகிறாய் என்று பார்க்கலாம் என்று இருந்தேன். இப்போது அவர் உடம்பு தாங்குமா என்று கேட்கிறாய். தாங்கும்.

மே 2, சனி ராத்திரி எட்டு மணிக்கு நீ எங்கே இருந்தாய்? அதை மட்டும் உண்மையாகச் சொல். கையெழுத்து நான் போடுவதாக இல்லை.

லியென்யுன்


இண்டியானா,
28 அக்டோபர் 1987

லியென்யுன்,

மெங் உன் பேச்சைக் கேட்கவில்லை. அம்மா போன செய்தியை அந்த வாரமே எனக்கு எழுதிவிட்டார். ஜூன் பாதியில் எனக்குக் கிடைத்தது. "அம்மாவுக்கு வலி இல்லை" என்ற உன் கடிதம் அதற்குப் பிறகுதான் வந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தேன். ஆட்டுக்கறி வாடை என்று நீ எழுதிய இடம் நன்றாக இருந்தது. இன்னும் எவ்வளவு தூரம் போகிறாய் என்று பார்க்கத்தான் அம்மா தூங்குவதாக மா சொன்னார் என எழுதினேன், முலாம்பழம் வாங்கச் சொன்னேன். நீயும் வெட்டி முன்னால் வைத்தாய். ஆகவே உன்னால் ஏமாந்தேன் என்று சந்தோஷப்படாதே. நீதான் நான்கு மாதம் செத்தவளுக்குக் காகிதத்தில் பணிவிடை செய்துகொண்டிருந்தாய்.

மே 2 ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பாட்டு மேஜையில் இருந்தேன். எதிர்ச் சுவரில் கடிகாரம். எட்டு ஆனது தெரிந்தது. மீன் நன்றாக இருந்தது. கேட்டாய், சொல்லிவிட்டேன்.

அந்தத் தானியக்கடை ஆளைப் பற்றி உருகி எழுதியிருக்கிறாய். மாவு அளந்து போட இப்போது வீட்டுக்கே வருகிறாரோ? வரட்டும், எனக்கு என்ன. உன் கையெழுத்து இல்லாமலும் இங்கே கோர்ட்டில் முடித்துக்கொள்ளலாம் என்று வக்கீல் சொல்லிவிட்டார். நீ தாளை வைத்துக் குளிர் காய்.

ஒன்று மட்டும். அம்மாவுக்குக் கல் இன்னும் வைக்கவில்லை என்று மெங் எழுதியிருந்தார். நான் ஒரே பிள்ளை. நாளைக்கு எங்கள் சொந்தக்காரர்கள் யாராவது வந்து பார்த்தால் கேவலமாக இருக்கக் கூடாது. கல்லில் தேதி மே 20 என்றே இருக்க வேண்டும். சான்றிதழில் இருப்பது அதுதான், நாட்டுக்கு ஒரே நேரம்தான், உன் கைக்கடிகாரம் சட்டம் இல்லை. கீழே "மகன் தாவ் ஜிங்ஹே" என்று பொறித்துவிடு. இதைக்கூடச் செய்யாவிட்டால் நீ அவளுக்குச் செய்ததெல்லாம் நடிப்பு என்றுதான் எடுத்துக்கொள்வேன்.

தாவ் ஜிங்ஹே


உரும்சி,
22 நவம்பர் 1987

திரு. தாவ் ஜிங்ஹே அவர்களுக்கு,

உங்கள் தாள்களில் கையெழுத்திட்டு இத்துடன் அனுப்பியிருக்கிறேன். வக்கீலுக்கு வேலை மிச்சம். மெங்கிடம் எனக்குக் கோபம் இல்லை. நீங்கள் ஏமாறவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். செத்தது தெரிந்தும் மூன்று வாரம் கழித்து அம்மா என்னைக் கேட்கிறாளா என்று எழுத முடிந்த ஒருவரை ஏமாற்ற என்னிடம் ஒன்றும் இல்லை.

உங்கள் கடிதம் வந்த மறுநாள் கல்தச்சர் கடைக்குப் போனேன். தரை உறையத் தொடங்கிவிட்டது. இன்னும் தாமதித்தால் வசந்தம் வரை கல் நட முடியாது. திங் தள்ளுவண்டி கொண்டுவந்திருந்தார். அவர் வீட்டுக்கு வருகிறாரா என்று கேட்டிருந்தீர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா படத்துக்கு முன்னால் ஒரு கிண்ணம் சோறு வைக்க வருவார். வைத்துவிட்டுப் போய்விடுவார். இதுவரை ஒரு வாய் டீகூடக் குடித்தது இல்லை. இனிமேல் குடிக்கச் சொல்லலாம் என்று இருக்கிறேன்.

கல்தச்சர் சான்றிதழைப் பார்த்துவிட்டு, "இருபதுன்னு இருக்கு, நீங்க பத்தொம்பதுங்கறீங்க. எதை வெட்ட?" என்று கேட்டார். அம்மா பெய்ஜிங் நேரத்துக்கு ஒருநாளும் எழுந்ததில்லை, பத்தொன்பது என்றே வெட்டுங்கள் என்றேன்.

"மகன் பேரு?"

திங் ஷோவ்ரென் என்று சொன்னேன். திங் என்னைத் திரும்பிப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்வார் என நினைத்தேன், சொல்லவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். எந்த எழுத்து என்று கல்தச்சர் கேட்டபோது, அங்கே கிடந்த கல்தூளில் விரலால் எழுதிக் காட்டினார்.

கல்தச்சர் அளந்துகொண்டே, "வேற பிள்ளைங்க உண்டா? வெளியூர்ல கிளியூர்ல? இருந்தா இப்பவே சொல்லிடுங்க, பக்கத்துல எடம் விடணும். அப்புறம் வெட்ட முடியாது" என்றார்.

"ஒரே பிள்ளைதான்" என்றேன்.

சியூ லியென்யுன்